வன்னியிலிருந்து போன பறவைத் தோல்கள்: பொருளைக் கேட்பதா, குறிப்பைக் கேட்பதா?

கட்டுக்கரையான் (முருங்கன்)

வணக்கம். நெடுநாளாக மனத்தில் கிடந்த ஒரு விடயத்தை இங்கே அவிழ்க்கிறேன்.

ரோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை 1845 இல் கொழும்பில் தொடங்கியது. கல்வெட்டு, ஏட்டுச்சுவடி, பழைய நாணயம் என்று பேச்சு வந்தால்தான் நம்மவர்களுக்கு அந்தக் கழகத்தின் பெயர் நினைவுக்கு வரும். ஆனால் அதே வட்டத்தில் துவக்கும் வலையும் சாராயப் போத்தலுமாகக் காடு திரிந்தவர்களும் இருந்தார்கள். சாராயம் பாம்பையும் பல்லியையும் ஊறவைக்க. (குடிக்கவும் கொஞ்சம் இருந்திருக்கும்.) எட்கர் லேயார்ட் பறவை சேர்த்தார்; அதாவது சுட்ட பறவையின் தோலை இறகோடு உரித்துப் பதப்படுத்தி வைத்தார். இராணுவ வைத்தியர் கெலார்ட் இலங்கை விலங்குகளைப் பற்றி 1852 இல் ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் வந்த பீரங்கிப் படை அதிகாரி வின்சென்ட் லெக் 1878 முதல் 1880 வரை இலங்கைப் பறவைகளைப் பற்றிய பெருநூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். கழகம் சிறிதாக ஒரு காட்சிசாலையும் வைத்திருந்தது. ஆளுநர் கிரெகரியின் காலத்தில், 1877 இல், கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டபோது கழகத்தின் சேகரிப்பு அதற்கு அத்திவாரமாயிற்று.

இவர்கள் சேர்த்தவற்றில் ஒரு பங்கு வன்னிக் காட்டிலும் மன்னார்க் கரையிலும் பிடிபட்டவை. இன்று அவற்றில் ஒரு சிறகைக்கூட நமது பிள்ளைகள் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பார்க்க முடியாது. எங்கள் பக்கப் பாடசாலை ஒன்றின் விஞ்ஞான மன்றத்துக்காக இதைத் தேடத் தொடங்கினேன். தேடத் தேட ஒரு கேள்விதான் பெரிதாகிறது. அவற்றைத் திருப்பிக் கேட்க வேண்டுமா? அல்லது எங்கே, எப்போது, யாரால் பிடிக்கப்பட்டது என்ற குறிப்பு நமக்குக் கிடைத்தால் போதுமா?

வீரைமரம் (நெடுங்கேணி)

இதில் கேள்வி என்ன இருக்கிறது அண்ணை? கேட்கத்தான் வேண்டும். எங்கள் காட்டில் சுட்டார்கள். எங்கள் ஆட்கள் வழி காட்டினார்கள், மூட்டை சுமந்தார்கள், தோல் உரித்தார்கள். கடைசியில் கிளிக்குப் பெயர் லேயார்டின் கிளி. அதன் விஞ்ஞானப் பெயரைப் பார்த்தால் அது லேயார்டின் மனைவியுடைய பிறந்தவீட்டுப் பெயர்! 1849 இல் கல்கத்தாவில் இருந்த பிளைத் என்பவர் வைத்தது. குடும்பத்துக்கே ஒரு கிளியைப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

சிலைகளும் செப்பேடுகளும் திரும்பி வர வேண்டும் என்று உலகம் முழுவதும் பேசுகிறார்கள். பறவை என்றால் மட்டும் குறிப்பு போதுமா?

சிலம்பு ரீச்சர் (வவுனியா)

வீரைமரம் தம்பியின் கோபம் விளங்குகிறது. ஆனால் யாரிடம் கேட்பது என்று முதலில் பார்ப்போம்.

கழகத்தின் காட்சிசாலையில் இருந்தவை கொழும்புக்குப் போயின என்பது சரி. ஆனால் அந்தக் காலத்தில் சேர்த்தவர் தன் சேகரிப்பைத் தன்னுடையதாகவே வைத்துக்கொண்டார். இரட்டையாக இருந்ததைக் கழகத்துக்குக் கொடுப்பார்; அரிதானதைப் பெயர் வைக்கக் கல்கத்தாவுக்கோ லண்டனுக்கோ அனுப்புவார்; மிச்சத்தை ஊருக்குக் கொண்டுபோவார். பிளைத் வேலை பார்த்தது கல்கத்தா ஆசியக் கழகத்தின் நூதனசாலையில். அந்தச் சேகரிப்பு பிற்காலத்தில் இந்திய நூதனசாலையின் பகுதியாயிற்று. லேயார்ட் இங்கிருந்து தென்னாபிரிக்காவுக்குப் போய்க் கேப்டவுன் நூதனசாலையின் முதல் பொறுப்பாளரானார். லெக் தாஸ்மேனியாவில் பிறந்தவர். அவருடைய இலங்கைப் பறவைகளில் ஒரு பகுதி பிரித்தானிய நூதனசாலைக்கும் இன்னொரு பகுதி தாஸ்மேனியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. தாஸ்மேனியத் தலைநகரான ஹோபார்ட்டில் வன்னிப் பறவை! இன்னுமொரு வேடிக்கை: கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த ஜோசப் பியர்சன் பின்னர் அதே தாஸ்மேனிய நூதனசாலைக்குத் தலைவராகப் போனார்.

ஆகவே நமது கடிதம் கொழும்பு, கல்கத்தா, லண்டன், ஹோபார்ட் என்று நாலு திசைக்கும் போக வேண்டும். நாலு இடத்திலும் சட்டம் வேறு, மனம் வேறு.

இன்னொரு விடயம் பேசப்படுவதே இல்லை. அந்தக் காலத்துப் பறவைத் தோல்களுக்கு உட்புறமாக ஆசனிக் சேர்ந்த சவர்க்காரம் பூசுவார்கள். தோலையும் இறகையும் தின்னும் வண்டிலிருந்து காப்பாற்ற அதுதான் வழி. இன்றைக்கும் நூதனசாலையில் வேலை செய்பவர்கள் கையுறை போட்டுத்தான் அவற்றைத் தொடுகிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தடவிப் பார்க்கும் கண்ணாடி மேசையில் அதை எப்படி வைப்பது?

ஒட்டுசுட்டான் தம்பி

நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். ரீச்சர், ஒரு சந்தேகம். செத்துப்போன பறவையின் நூற்றைம்பது வருடப் பழைய தோலால் என்ன பயன்? அதே பறவை இன்றும் எங்கள் வளவில் நிற்கிறதே. தொலைபேசியில் படம் எடுக்கிறோம். குரலையும் பதிவு செய்கிறோம்.

மாங்குளத்தான் (ரொறன்ரோ)

தம்பி கேட்டது நல்ல கேள்வி. நான் தொழிலுக்காக நூதனசாலை மாதிரிகளைக் கையாண்டவன். அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

பறவையின் காலில் ஒரு சிறு சீட்டுக் கட்டியிருக்கும். இடம், திகதி, ஆணா பெண்ணா, பிடித்தவர். அந்தச் சீட்டு இருக்கும்வரை அது ஒரு சாட்சி. சீட்டு அறுந்து விழுந்த நாளிலிருந்து அது வெறும் இறகு மூட்டை. அரும்பொருள் காப்பவர்கள் தோலைவிடச் சீட்டுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள்.

பயன் என்ன என்கிறீர்கள். சேர்த்தவன் கனவிலும் நினைக்காத பயன்தான் பெரும்பாலும் வருகிறது. பிரித்தானியாவில் 19 ஆம் நூற்றாண்டுக் கனவான்கள் பொழுதுபோக்காகப் பருந்து முட்டைகளைத் திருடி அலுமாரியில் அடுக்கினார்கள். இன்றைக்கு அது குற்றம். ஆனால் 1967 இல் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் அந்த அலுமாரி முட்டைகளையும் தன் காலத்து முட்டைகளையும் ஒப்பிட்டுத்தான், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஓடு மெலிந்துவிட்டது என்று காட்டினார். டிடிடி பூச்சிகொல்லிக்கு எதிரான வழக்கு அதில் நிமிர்ந்து நின்றது. பழைய முட்டை இல்லாவிட்டால் மெலிந்தது என்று எதை வைத்துச் சொல்வது?

இன்று பழைய தோலின் கால் விரலடியிலிருந்து கடுகளவு துண்டு வெட்டி டி.என்.ஏ எடுக்கிறார்கள். உங்கள் தொலைபேசிப் படத்தில் டி.என்.ஏ இல்லை, தம்பி.

நம் நாட்டிலிருந்தே ஓர் உதாரணம். மயில் முன்பு வரண்ட பிரதேசத்துப் பறவை. வன்னியில் மயிலைக் கண்டு யாரும் வாய் பிளக்கமாட்டார்கள். இப்போது தென்மேற்கு ஈரவலயம்வரை போய்விட்டது. அங்கே விவசாயிகள் தலையில் கை வைக்கிறார்கள். அது புதிதாகப் போனது என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறோம்? லெக் போன்றவர்கள் எந்தப் பகுதியில் கண்டோம், எங்கே காணவில்லை என்று எழுதிவைத்ததால்தான். மன்னார்ப் பக்கம் கௌதாரி நிற்பதும் தெற்கே போகப் போக அது இல்லாமற்போவதும் அப்படித்தான் பதிவாயிற்று.

அதனால் கட்டுக்கரையான் அண்ணைக்கு என் பதில்: குறிப்பைக் கேளுங்கள். எல்லாக் குறிப்பையும் கேளுங்கள். தோல் எங்கே இருந்தாலும் இருக்கட்டும்.

வீரைமரம் (நெடுங்கேணி)

கனடாவில் இருந்துகொண்டு "எங்கே இருந்தாலும் இருக்கட்டும்" என்று சொல்வது எளிது அண்ணை. குறிப்பு வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. லண்டனில் ஒரு பிள்ளை பாடசாலை விட்டு வரும் வழியில் நூதனசாலைக்குள் நுழைந்து பார்க்கும். நெடுங்கேணிப் பிள்ளை இணையத்தில் ஓர் அட்டவணையைப் பார்க்கட்டும் என்கிறீர்கள், அதுவும் ஆங்கிலத்தில்.

முல்லைக்கரை

இந்த இழையில் இன்னும் வராத ஒருவரைக் கொண்டுவருகிறேன். முத்து.

லேயார்ட் பருத்தித்துறையில் உத்தியோகம் பார்த்த காலத்தில் அவர் வீட்டில் வேலை செய்தவர் முத்து. சமையற்காரர் என்று சொல்லப்படுகிறது. ஒருநாள் ஒரு சிறிய பறவையை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். மண்ணிறமும் வெள்ளையுமாக, பெரிய கண்ணோடு, கிளையில் சும்மா குந்தியிருந்து பறக்கும் பூச்சியைக் கொத்தும் ஒரு ஈப்பிடிப்பான். பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்காத பறவை. லேயார்ட் அதைப் புதிய இனம் என்று 1854 இல் விபரித்து, பறவைக்கு முத்துவின் பெயரையே வைத்தார். மஸ்கிகாபா முத்துயி. இன்றும் உலகம் முழுவதும் அதன் விஞ்ஞானப் பெயர் அதுதான். ஆங்கிலத்தில் லேயார்டின் ஈப்பிடிப்பான் என்றும் அதைச் சொன்னதுண்டு. ஆனால் விஞ்ஞானப் பெயரில் எஜமான் இல்லை, வேலைக்காரர் இருக்கிறார்.

இன்னும் பாருங்கள். அந்தப் பறவை இங்கே கூடு கட்டுவதில்லை. வடகிழக்கு இந்தியா, பர்மா, சீனம் என்று அந்தப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இலங்கையில் தங்குவதும் பெரும்பாலும் ஈரவலயத்திலும் மலையடிவாரத்திலும். பருத்தித்துறையில் முத்துவின் கண்ணில் பட்டது, கடல் தாண்டி வந்து கரையில் இளைப்பாறிய ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது என் ஊகம். அப்படி வந்து ஓரிரு நாள் நின்றுவிட்டுப் போகும் ஒரு மங்கல் நிறப் பறவையை "இது வழக்கமாக நிற்பதல்ல" என்று பிரித்தறிந்து கொண்டுவந்து கொடுப்பதற்கு, சமையலோடு வேறு ஒரு படிப்பும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது மாங்குளத்துக்கு வாருங்கள். போர் முடிந்து சில மாதங்களில், 2009 ஒக்ரோபரில், ஆய்வாளர்கள் அங்கே போனபோது ஊரவர் ஒருவர் செத்துப்போன மயிரடர்ந்த பெருஞ்சிலந்தி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். கால்களை விரித்தால் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அகலம் வரும். அதைத் தொடர்ந்து தேடி, பட்ட மரங்களிலும் மாங்குளம் வைத்தியசாலையின் பழைய வைத்தியர் விடுதியிலும் இன்னும் கண்டார்கள். புதிய இனம் என்று எழுதி, காட்டுக்குள் வழிநடத்தி உதவிய பொலிஸ் அதிகாரி ஒருவரின் நினைவாகப் பெயர் வைத்தார்கள். முதலில் கொண்டுவந்து காட்டிய மனிதர் அந்தக் கதையில் "ஊரவர் ஒருவர்".

1854 இல் பெயராவது வந்தது.

ஒட்டுசுட்டான் தம்பி

முத்துவைப் பற்றி எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லையே! டார்வின், வலஸ் எல்லாம் இருக்கிறார்கள்.

வீரைமரம் (நெடுங்கேணி)

முத்து என்ற ஒற்றைச் சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தகப்பன் பெயரில்லை, ஊர்க் குறிச்சி இல்லை. அதைப் பெரிய மனது என்று கொண்டாட என்னால் முடியாது. ஆனால் முல்லைக்கரை அக்கா சொன்ன விதம் பிடித்திருக்கிறது என்பதை மறைக்கவில்லை.

நந்திக்கடலான்

நீங்கள் எல்லோரும் ஒரு விடயத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். வன்னியில் ஒரு பொருளை வைத்துக் காப்பாற்ற முடியுமா?

நான் படித்த பாடசாலையின் ஆய்வுகூடத்தில் போமலின் போத்தல்கள் வரிசையாக இருந்தன. கண்ணாடி விரியன், தேள், முதலைக் குஞ்சு, இரண்டு தலையோடு பிறந்த ஆட்டுக்குட்டி. ஓர் ஆசிரியர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது. 2009 இல் நாங்கள் ஓடியபோது பிள்ளையைத் தூக்கவே கை போதவில்லை. போத்தலை யார் தூக்குவார்? திரும்பி வந்தபோது கூரையே இல்லை. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை இங்கே யாருக்கும் நான் நினைவூட்டத் தேவையில்லை.

அதனால் "திருப்பிக் கொண்டு வாருங்கள்" என்று யாராவது சொன்னால் எனக்கு முதுகு சில்லிடுகிறது. ஹோபார்ட்டில் இருப்பது ஹோபார்ட்டில் இருப்பதால்தான் இருக்கிறது.

வீரைமரம் (நெடுங்கேணி)

நந்திக்கடலான் அண்ணை, உங்கள் இழப்பை நான் குறைத்துப் பேசவில்லை. எங்கள் வீடும் போனதுதான். ஆனால் எரித்தவன் கையில் நெருப்பு இருந்தது என்பதற்காக எரிந்தவனுக்கு இனிப் புத்தகம் கொடுக்கக்கூடாது என்று சொல்வதா? யாழ்ப்பாண நூலகத்தைத் திரும்பக் கட்டினார்கள். புத்தகம் அடுக்கினார்கள். பிள்ளைகள் போய்ப் படிக்கிறார்கள்.

மாங்குளத்தான் (ரொறன்ரோ)

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நூலகம் எரிந்ததில் ஈடு செய்ய முடியாமற்போனவை படி எடுக்கப்படாத கையெழுத்து ஏடுகள்தான். அச்சுப் புத்தகம் வேறெங்காவது இருந்தது. ஆகவே ஒரே இடம் என்பதுதான் ஆபத்து. கொழும்பு என்றாலும் கிளிநொச்சி என்றாலும் அதே ஆபத்து. சீட்டுகளின் படம் பத்து இடத்தில் இருக்கட்டும்.

உங்களால் மட்டும் செய்யக்கூடிய ஒரு வேலையும் இருக்கிறது. பழைய சீட்டுகளில் இடப்பெயர்கள் கண்டபடி எழுதப்பட்டிருக்கும். வவுனியாவை அந்தக் காலத்தில் வவுனியன் விளாங்குளம் என்று நீட்டித்தான் எழுதினார்கள். வெளிநாட்டில் இருக்கும் எழுதுவினைஞர் அதை வரைபடத்தில் தேடிவிட்டு, கிடைக்காமல், "இலங்கை, வடக்கு" என்று பதிந்துவிடுவார். சில நேரம் வேறு மாவட்டத்தில் உள்ள அதே பெயர்க் குளத்தில் புள்ளி வைத்துவிடுவார். எத்தனை புளியங்குளம், எத்தனை மருதங்குளம் என்று உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. எந்தப் பாதையால் வண்டி போயிருக்கும், எந்த மடத்தில் இராத்தங்கியிருப்பார்கள், அந்த மாதத்தில் எந்தக் குளத்தில் தண்ணீர் இருந்திருக்கும் என்று சொல்லக்கூடியவர்கள் இந்த இழையில் இருக்கிறார்கள்.

சிலம்பு ரீச்சர் (வவுனியா)

அந்த வேலைக்கு உதவும் நூல் ஒன்று இருக்கிறது. ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி 1895 இல் எழுதிய வன்னி மாவட்டங்களின் கைநூல். வவுனியா, முல்லைத்தீவு இரண்டும் அதில் அடங்கும். பழைய நிருவாகப் பிரிவுகள், குளங்கள், ஊர்கள் எல்லாவற்றையும் அதில் வைத்து ஒத்துப் பார்க்கலாம். அதிகாரியின் கண்ணோட்டம் சில இடங்களில் பல்லைக் கடிக்க வைக்கும். இருந்தாலும் வேலைக்கு ஆகும்.

நான் சொல்ல வந்தது வேறு. எல்லோரும் பறவையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். பிள்ளைகளுக்கு என்றால் நான் செடியில்தான் தொடங்குவேன். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் ஹென்றி ட்ரைமன் இலங்கைத் தாவரங்களைப் பற்றி எழுதத் தொடங்கிய நூலின் முதற் பகுதி 1893 இல் வந்தது. அவர் 1896 இல் இறந்தபின் தாவரவியலாளர் ஹூக்கர் அதை முடித்துவைத்தார். அந்த நூலில் விஞ்ஞானப் பெயருக்குக் கீழே, தெரிந்தவரை, சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் தரப்பட்டிருக்கும். பாலை, வீரை, முதிரை, கருங்காலி, பனிச்சை. வன்னியில் விறகு வெட்டப் போகும் எந்தக் கிழவருக்கும் தெரிந்த பெயர்கள், ஆங்கில எழுத்தில் உட்கார்ந்திருக்கின்றன. யாரோ ஒரு காட்டுவாசி, யாரோ ஒரு விதானையார், கேட்டவருக்குச் சொல்லியிருக்கிறார்.

காய்ந்த செடியை ஒட்டிய தாளில் பூத்திருந்த திகதியும் இருக்கும். பாலை எப்போது பூத்தது, எப்போது பழுத்தது? பாலைப்பழக் காலத்தில் கரடி மரமேறும் என்று நம் பெரியவர்கள் எச்சரிப்பார்களே, அந்தக் காலம் மாறியிருக்கிறதா? ஒரு வகுப்பு ஒரு பாலை மரத்தை ஒவ்வொரு வருடமும் பார்த்து எழுதினால், நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முந்திய தாளோடு ஒப்பிடலாம். ஆசனிக் வேண்டாம், துவக்கு வேண்டாம், அனுமதிப் பத்திரமும் வேண்டாம்.

வீரைமரம் தம்பி, உங்கள் பெயரும் அந்த நூலில் இருக்கிறது!

வீரைமரம் (நெடுங்கேணி)

ரீச்சர் எப்படியும் என்னைச் சேர்த்துவிடுவார்.

கட்டுக்கரையான் (முருங்கன்)

எங்கள் கடற்கரையை விட்டுவிட்டீர்களே. சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிப் பக்கம் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் மணலில் ஒரு பட்டினமே எழும்பும். விளைச்சல் பல வருடம் பொய்த்தபின், ஏன் சிப்பி சாகிறது என்று பார்க்க 1902 இல் லிவர்பூலிலிருந்து ஹெர்ட்மன் என்ற பேராசிரியரைக் கூப்பிட்டார்கள். அவரோடு வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் இங்கேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதியாக அறிக்கை வந்தது. சிப்பியைப் பார்க்க வந்தவர்கள் மன்னார்க் குடாவில் வாரியதையெல்லாம், கடற்பஞ்சு, நண்டு, புழு, நட்சத்திரமீன் என்று ஒவ்வொன்றாக, அந்தந்தத் துறை அறிஞரிடம் கொடுத்து எழுதுவித்தார்கள். சிப்பிக்குள் முத்து உண்டாவதற்குக் காரணம் ஒரு நாடாப்புழுவின் குடம்பி என்பது ஹெர்ட்மனின் முடிவு. அந்த முடிவு பின்னால் நிற்கவில்லை. 1905 இல் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்த பெருங்குளிப்பு நடந்தது. ஓரிரு வருடத்தில் படுத்துவிட்டது. கருத்தும் போயிற்று, முத்தும் போயிற்று. உயிரினப் பட்டியல் மட்டும் இன்றைக்கும் பயன்படுகிறது.

அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கடற்பஞ்சையும் யாரோ ஒரு சம்மாட்டியின் ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போய் எடுத்தான், அல்லது வாரிவலையை இழுத்தான். முல்லைக்கரை தங்கச்சி சொன்ன முத்துவின் கணக்கில் இவர்களையும் சேர்க்க வேண்டும்.

மடுவீதி

சட்டப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை வைத்துச் செய்யும்போது இது முக்கியம். 1937 இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் பறவை பிடிப்பதோ, முட்டை எடுப்பதோ, செத்ததைப் பதப்படுத்தி வைத்திருப்பதோ வம்பில் கொண்டுபோய் விடும். சரணாலயத்துக்குள்ளும் தேசிய பூங்காவுக்குள்ளும் இன்னும் கடுமை. கட்டுக்கரைக்குளம் 1954 இலிருந்து சரணாலயம். மடுவீதி 1968 இல் சரணாலயமாகி 2015 இல் தேசிய பூங்காவாயிற்று. சுண்டிக்குளமும் அதே 2015 இல். வங்காலை 2010 இலிருந்து ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள ஈரநிலம். ஆகவே ரீச்சர் "அனுமதிப் பத்திரம் வேண்டாம்" என்று சொன்னது பாடசாலை வளவில் நிற்கும் பாலை மரத்துக்குத்தான் பொருந்தும். காட்டுக்குள் என்றால் வனத் திணைக்களத்தையோ வனசீவராசிகள் திணைக்களத்தையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புப் பற்றி முதலில் கூச்சலிட்டவர்களும் வேட்டைக்காரர்கள்தான். 1894 இல் தொடங்கிய வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம்தான் பின்னால் வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்தது. சுடுவதற்கு மிச்சம் இருக்க வேண்டும் என்ற கவலை. எந்த வாசலால் வந்தாலும் வந்த பலனை நாம் அனுபவிக்கிறோம்.

நந்திக்கடலான்

வங்காலையில் பூநாரை இறங்கும்போது இன்றைக்கும் கவண் எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். லேயார்டைப் பேசுவதற்கு முன் அதையும் பேசுங்கள்.

முல்லைக்கரை

கவண் எடுக்கும் பிள்ளைக்குத்தான் பறவை எங்கே குந்தும் என்று தெரியும். அந்தப் பிள்ளையின் கையில் குறிப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் வகுப்பிலேயே அவன்தான் முதல். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அப்படி ஒருவன் இருக்கிறான். புலுனிக் கூட்டத்தில் எது காவல் நிற்கிறது என்று காட்டுவான்.

மாங்குளத்தான் (ரொறன்ரோ)

முல்லைக்கரை சொன்னதோடு நடைமுறைக்கு வருவோம். உலகின் பெரிய நூதனசாலைகள் பலவும் தம் மாதிரிகளின் விபரத்தை உலகப் பல்லுயிர்த் தகவல் தளத்தில் திறந்துவைத்திருக்கின்றன; எவரும் இறக்கிக்கொள்ளலாம். லெக், கெலார்ட், ட்ரைமன், ஹெர்ட்மன் எல்லோருடைய நூல்களும் காப்புரிமை தீர்ந்து இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. கொழும்பு நூதனசாலை 1903 இலிருந்து வெளியிட்ட ஸ்பொலியா செய்லானிக்கா சஞ்சிகையின் பழைய இதழ்களிலும் தேடலாம். கேட்க வேண்டியது இணையத்தில் இல்லாத சீட்டுகளைத்தான். அதற்குக் கொழும்புதான் முதல் வாசல்.

கட்டுக்கரையான் (முருங்கன்)

சரி, இதுவரை வந்ததை வைத்து நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். கொழும்புக்கு ஒரு கடிதம், தமிழிலும் ஆங்கிலத்திலும். வட மாகாணத்தில் சேகரிக்கப்பட்ட மாதிரிகளின் பதிவேட்டுப் பக்கங்களையும் சீட்டுகளின் படங்களையும் கேட்போம். வந்தால் ரீச்சரின் மாணவர்கள் இடப்பெயர்களைத் தமிழில் எழுதி, லூயிஸின் நூலோடு ஒத்துப் பார்ப்பார்கள். சந்தேகமான ஊர்களை இந்த இழையிலேயே கேட்பார்கள். காட்சியறை என்றால் இப்போதைக்குப் பறவைகளின் பெரிய படங்கள், பாலைப் பூவின் தாள் ஒன்று, அதன் கீழே இந்த வருடத்துத் திகதி. ஈப்பிடிப்பானின் படத்துக்குக் கீழே முத்துவைப் பற்றி முல்லைக்கரை எழுதித் தர வேண்டும், பாதிப் பக்கத்துக்குள்.

ஒட்டுசுட்டான் தம்பி, தகவல் தளத்திலிருந்து வன்னிப் பதிவுகளை இறக்கிப் பிரிக்கும் வேலை உங்களுக்கு. மாங்குளத்தான் வழி காட்டுவார்.

ஒட்டுசுட்டான் தம்பி

செய்கிறேன் அண்ணை. பரீட்சை முடிந்த கையோடு தொடங்குகிறேன். மாங்குளம் என்று ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருப்பார்கள் என்று ஒரு பட்டியல் வேண்டும்.

வீரைமரம் (நெடுங்கேணி)

கடிதத்துக்கு நானும் கையெழுத்திடுகிறேன். ஒரு நிபந்தனை. குறிப்பைக் கேட்பதால் பொருளின் மீதான உரிமையை நாம் விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று பொருளில்லை என ஒரு வரி அதில் இருக்க வேண்டும். இன்றைக்கு வைக்க இடமில்லை என்பது என்றைக்கும் இடமில்லை என்பதாகிவிடக் கூடாது.

நந்திக்கடலான்

அந்த வரிக்கு நான் உடன்பாடில்லை. ஆனால் அது இருந்தாலும் கையெழுத்திடுவேன்.

சிலம்பு ரீச்சர் (வவுனியா)

வரி இருக்கட்டும் தம்பி, கடைசிப் பந்தியில். முதற் பந்தியில் போட்டால் உரியவர் மிச்சத்தைப் படிக்காமலே கோப்புக்குள் வைத்துவிடுவார். வரைவை எனக்கு அனுப்புங்கள். ஆங்கிலத்தை நான் பார்த்துத் தருகிறேன்.